ரோபோவுக்கு வைத்த பொட்டு

நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தே கிடக்கிறது. உள்ளே ஒரு ரோபோ. அதன் வயிற்றுக்குள் என் வீட்டுக்காரரின் இட்லி. பத்தடி தூரம்தான்... ஆனால் எடுக்க முடியாது.

இந்த வருஷ ஆயுத பூஜையை நான் கொண்டாடிய லட்சணம் இதுதான்.

ஆறாத கால் புண்ணுக்காக அவரை ஓசூரில் புதிதாக வந்த ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சர்க்கரைக்காரர். சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். போட்டால் தாமதிக்காமல் சாப்பிட வேண்டும்.

அங்கே எல்லாமே ஸ்மார்ட். கிச்சனிலிருந்து கிளம்பும் ரோபோ, தானே லிஃப்டைக் கூப்பிடும். லிஃப்ட் அதை ஏற்றிக்கொண்டு மாடிக்கு வந்ததும், நர்ஸ் மேஜையில் இருக்கும் ஸ்கிரீனுக்கு 'சாப்பாடு வந்துவிட்டது' என்று சேதி அனுப்பும். முதல் நாள் நானும் வாயைப் பிளந்து பார்த்தேன்.

ஆயுத பூஜையன்றும் ஸ்கிரீன் சொன்னது. சிஸ்டர் ஊசி போட்டார். சாப்பாடு மட்டும் வரவில்லை.

பத்து நிமிடம் பொறுத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை, தலைமேல் ஒரு பொரிப் பொட்டலம் – கல்யாண மாப்பிள்ளை கோலத்தில் நின்ற ரோபோ, "வழியில் தடை உள்ளது, விலகி நில்லுங்கள்" என்றது. யார் விலகுவது? எதிரே ஓர் ஈ எறும்புகூட இல்லை. ரோபோ இறங்கிவிட்டதாகச் சொன்னால்தான் லிஃப்ட் கதவை மூடுமாம். அதன் வயிறோ எங்கள் ரூம் வாசலில் மட்டும்தான் திறக்குமாம்.

கிச்சனுக்குப் போன் போட்டேன். "உங்க சாப்பாடு டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுதுங்க மேடம்."

"எனக்கு லிஃப்டுல நிக்கறது தெரியுதுங்க. வேற அனுப்புங்க."

"ஒரு ரூமுக்கு ஒரு தடவைதாங்க மேடம் சிஸ்டம் எடுக்கும்."

டெக்னீஷியனைப் பிடித்தேன். பெங்களூரிலிருந்து வர வேண்டியவர். "அத்திப்பள்ளி டோல்கேட்டுல மாட்டிக்கிட்டேன் மேடம். லீவுக்கு ஊருக்குப் போற வண்டியெல்லாம் இங்கதான் நிக்குது."

பல்லைக் கடித்துக்கொண்டு ரூமுக்குத் திரும்பினால், அவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. எதைக் கேட்டாலும் பதில் குழறுகிறது. எனக்கு எரிச்சலெல்லாம் போய் பயம் பிடித்துக்கொண்டது. சிஸ்டர் குளுக்கோஸ் எடுக்க ஓடினார். மருந்து அலமாரியும் ஸ்மார்ட் – விரல் ரேகை வைத்தால்தான் திறக்கும். பூஜைக்குச் சந்தனம் கரைத்த விரலை அது யாரோ என்று நினைத்துவிட்டது.

அப்போதுதான் மாப்போடு வந்தார் முனியம்மா. அந்த மாடியைத் துடைக்கிறவர்.

"சார் சாப்டாராம்மா?"

இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததுமே முனியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மாப்பைப் போட்டுவிட்டு லிஃப்டுக்கு ஓடி, ரோபோ தலையிலிருந்த பொட்டலத்தோடு வந்தார். பொரிக்கு நடுவிலிருந்த வெல்லத்தை எடுத்து அவர் வாயில் வைத்தார். நானும் அந்தப் பொட்டலத்தை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்... தோன்றவே இல்லையே.

கையைக் கழுவிக்கொண்டு சிஸ்டர் குளுக்கோஸோடு வந்தபோது நடுக்கம் குறைய ஆரம்பித்திருந்தது. ரோபோ பொட்டும் மாலையுமாக லிஃப்டிலேயே நிற்கிறது என்று நான் புலம்ப, "லிஃப்டு கதவு தொறந்ததும் நான்தாம்மா அதுக்குப் பூஜை போட்டேன்" என்றார் முனியம்மா.

சிப்காட்டில் இருபது வருஷமாக மெஷின் ஓட்டுகிற மனிதர், தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "பொட்டு எங்கம்மா வெச்சீங்க?"

"நடு நெத்தியிலதான் சார். கறுப்பா, வட்டமா, பளபளன்னு இருந்துச்சே, அங்க. வர்றவங்க போறவங்கல்லாம் செல்ஃபி எடுக்கறாங்க. கண்ணு பட்டுருமேன்னு கொஞ்சம் பெருசாவே வெச்சேன்."

"அதாம்மா அதுக்குக் கண்ணு. எங்க கம்பெனியில சென்சாரை விட்டுட்டுத்தான் பொட்டு வைப்போம்."

முனியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு போய் முந்தானையால் துடைத்தார். அடுத்த நிமிடம் ரோபோ எங்கள் வாசலில் வந்து நின்று வயிற்றைத் திறந்தது. "சூடான உணவை மகிழ்ச்சியுடன் உண்ணுங்கள்" என்றது. இட்லி ஜில்லென்று இருந்தது.

முனியம்மா மேல் கோபப்படலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ரோபோ லிஃப்டோடு பேசியது, லிஃப்ட் ஸ்கிரீனோடு பேசியது... 'சாப்டாரா' என்று கேட்டது முனியம்மா மட்டும்தான்.