பங்கருக்குக் குடிபோன சாமிகள்

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் அம்மா, அக்கா, நான் மூவரும் நெருக்குப்பட்டுப் படுத்தோம். மற்றதில் பிள்ளையார், முருகன், இலட்சுமி, சரஸ்வதி, பிறகு சிவன் குடும்பத்தோடு நின்று எடுத்த படம் ஒன்று, எல்லாரும் சட்டம் போட்ட கண்ணாடிக்குள் வசதியாக இருந்தார்கள். அப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடப்பார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அந்த நாளில் அநேகமான வீடுகள் இப்படித்தான். கால் நீட்டிப் படுக்கத் தேவையே இல்லாதவர்களுக்கு ஓர் அறை முழுசாக. எனக்குப் பதினெட்டு வயது. அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சாமானை இன்னொரு சாமானுக்குள் வைப்பதில் எனக்கு ஒரு வெறி இருந்தது. தலையணை உறைக்குள் பழைய உடுப்பு, பெரிய கிடாரத்துக்குள் சின்னக் கிடாரம், அதற்குள் கோப்பைகள். வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டேன். சண்டையால் அரசாங்கம் போட்ட சாமான் தடை இருந்த காலம். வெறும் போத்தலைக்கூட அம்மா எறியமாட்டார். அப்பாவுக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை; அரிசி கொண்டுவராத நாளிலும் வெறுஞ் சாக்குக் கொண்டுவருவார். இத்தனையையும் அடுக்கி, நடக்க வழி விட்டு வைத்திருந்தது நான்தான் என்பதில் எனக்குச் சரியான தலைக்கனம்.

தொண்ணூறாம் ஆண்டு பலாலிப் பக்கமிருந்து சண்டைக்குப் பயந்து பெரியம்மா குடும்பம் இடம்பெயர்ந்து வந்தது. ஆட்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. சாமான்களுக்குக் கிடைக்கவில்லை. அவை லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் இரண்டு நடையாக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கின. தேக்கு அலுமாரி, தையல் மெசின், ஏழு மூட்டை நெல், ஆட்டுக்கல், ஒரு சில்லு இல்லாத சைக்கிள். அலுமாரி வாசலை மறித்துக்கொண்டு நின்றதால் குசினிக்குப் பக்கவாட்டில்தான் போகவேண்டும். அப்பாவுக்குப் பெரிய வண்டி வயிறு. அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாப்பிட்டார்.

அந்த மாதம்தான் தேசிக்காய் மரத்தடியில் குண்டுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டினோம். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண் மூட்டை. அப்பாவின் சாக்குகள் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலைக்கு உதவின. உள்ளே செம்மண் சுவர் நல்ல இறுக்கம். பார்த்ததும் எனக்குக் கை துருதுருத்தது. அலவாங்கு எடுத்துச் சுவரில் ஒரு மாடம் குடைந்தேன். குடையும்போதே திட்டமும் வந்துவிட்டது.

அம்மாவிடம் போய், வீட்டில் குண்டு விழுந்தால் சாமிப்படம் எல்லாம் நொருங்கிவிடும், நாங்கள் மட்டும் பங்கருக்குள் ஒளித்திருப்பது சரியா என்று கேட்டேன். அம்மாவின் முகம் வாடியது. கோயில் ஐயரைக் கேட்கப் போனார். ஐயர் அந்நேரம் தன் வீட்டுப் பங்கருக்கு மண் அள்ளிக்கொண்டு நின்றாராம். ஒரு தடையும் சொல்லவில்லை. பஞ்சாங்கம் பார்த்து, கற்பூரம் கொளுத்தி, வெள்ளிக்கிழமை காலையில் சாமிகளை மாடத்தில் குடியேற்றினோம். பின்னேரத்துக்குள் அலுமாரியும் மெசினும் நெல்லும் சாமியறையில் முகடு முட்ட ஏறிவிட்டன. அப்பா நேராக நடந்து குசினிக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்தார். எனக்கு ஊரையே பிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டு கிழமை கழித்து, காலை பத்து மணியளவில் குண்டு போடும் பொம்மர் வந்தது. அப்பா சங்கக்கடையில். அம்மாவும் நானும் பங்கருக்குள் பாய்ந்தோம். அக்கா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்து, படியில் ஒரு காலை வைத்தாள். அப்படியே நின்றாள். அன்று அவளுக்குத் துடக்கு. மாதத்தில் அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டுப் பெண்கள் சாமியறை வாசலைக்கூடக் கடக்கமாட்டோம். அக்கா மாடத்தைப் பார்த்தாள். காலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்க் கிணற்றுக் கட்டோடு ஒட்டிப் படுத்தாள்.

அம்மா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. வெட்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

சந்தைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ குண்டு விழுந்தது. பங்கர் ஆடி, முருகனின் முகத்தில் மண் கொட்டியது. அம்மா சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். சத்தம் அடங்கியதும் வெளியே வந்தோம். அக்கா தலையெல்லாம் சேறு, ஒரு முழங்கை உரஞ்சுப்பட்டு இரத்தம்.

"சாமிக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று கேட்டாள்.

நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போய்த் தனியாக நின்றேன். ஒரு சில்லு சைக்கிளுக்குக்கூட இடம் கண்டுபிடித்தவள் நான். என்ரை கெட்டித்தனத்தில் அக்காவுக்கு மட்டும் இடம் இல்லாமல் போயிருந்தது.

அன்றே அம்மாவோடு சண்டை பிடித்தேன். சாமிகளை வெளியே எடுங்கோ என்றேன். எங்கே வைக்கிறது என்று அம்மா கேட்டார். சாமியறை முகடு முட்ட நிறைந்துவிட்டது. மற்ற அறையில் நாங்கள் படுக்கிறோம். குசினியில் மீன் சமைக்கிறோம். அப்பா, அலுமாரியைத் தூக்கி முற்றத்தில் போடச் சொன்னார். பெரியம்மாவின் கலியாண அலுமாரி மழையில் நனைவதா என்று அம்மா அழுதார். அக்காதான் சமாதானம் செய்தாள். மாதத்தில் மூன்றே மூன்று நாள்தானே, பொம்மர்காரன் என்ன என்ரை தேதி பார்த்தா வாறான் என்றாள். அதோடு பேச்சு நின்றது. ஆனால் அம்மா கலண்டரில் விரல் வைத்து எண்ணத் தொடங்கியதைக் கண்டேன். அந்த மூன்று நாளும் பொம்மரை வேறு பக்கம் அனுப்பிவிடும்படி ஐந்து படத்துக்கும் தனித்தனியாக மனுக் கொடுத்தார். ஒருவரும் பொறுப்பெடுக்கவில்லை.

அடுத்த மாதம், அக்காவின் துடக்கு இரண்டாம் நாள், மத்தியானம் பொம்மர் வந்தது. இந்த முறை நேராக எங்கள் பக்கம் தாழப் பதிந்தது. அந்த இரைச்சல் பல்லுக்குள் கேட்டது. அக்கா விறகுக் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அதே படியில், அதேபோல நின்றாள். கிணற்றடிக்குப் போகத் திரும்பினாள்.

அம்மா, "நில்லடி!" என்று கத்திக்கொண்டு எழும்பினார். பங்கருக்குள் நிமிர முடியாது. தலை குற்றியில் இடித்தது. மாடத்திலிருந்து முருகனை எடுத்துப் படிக்கு வெளியே மண்ணில் வைத்தார். பிறகு பிள்ளையாரை. மற்றவர்களையும் ஒருவர் மேல் ஒருவராக. என் வாழ்க்கையில் நான் கண்டதிலேயே மோசமான அடுக்கு அது.

"முருகா, நீ கொஞ்ச நேரம் வெளியிலை நில்லப்பு. உனக்கு ஒண்டும் ஆகாது. என்ரை பிள்ளை உள்ளுக்கை வரவேணும்."

சொல்லிக்கொண்டே அக்காவின் பின்னலைப் பிடித்து ஒரே இழுவையாக உள்ளே இழுத்தார். அவள் என் மடியில் வந்து விழுந்தாள். அடுத்த ஒழுங்கைத் தெருவில் குண்டு விழுந்தது. எங்கள் காதுக்குள் வெகு நேரம் ஒன்றுமே இல்லை. அம்மா அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். இரண்டு மாதக் கணக்கையும் சேர்த்துத் தடவுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் அழுதேன்.

வெளியே வந்தபோது கிணற்றுக் கட்டின் ஒரு பக்கம் இல்லை. அக்கா போன முறை படுத்திருந்த பக்கம். முருகனின் கண்ணாடி வெடித்திருந்தது. சாமான் தடைக் காலத்தில் கண்ணாடிக்கு எங்கே போவது. அம்மா ஐந்து படத்தையும் தேசிக்காய் மரத்தில் வரிசையாகக் கொழுவி, மழைக்கு ஒரு தகரம் செருகி, அங்கேயே விளக்கு வைத்தார்.

பங்கருக்குள் நான் குடைந்த மாடம் வெறுமையாகக் கிடந்தது. அதற்குள் வைக்கலாம் என்று எத்தனையோ சாமான் என் கண்ணில் பட்டது. நான் ஒன்றும் வைக்கவில்லை. அக்கா உட்கார்ந்து தலையைச் சாய்க்க அது அளவாக இருந்தது.