சீர்த்தட்டில் ஐம்பத்தொரு மஞ்சள் சோப்பு

ஆட்டுப்பால் வெந்து கருகுகிற நாற்றத்தை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள். அடுப்பில் பொங்கி வழிந்து தீய்ந்த பாலின் வாடையோடு கூட்டாத ஆட்டுக்கொட்டகையின் நெடியையும் சேர்த்து மூக்கில் ஏற்றினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம், சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீடு முழுக்க அந்த நாற்றம்தான். அம்மா பால் சோப்பு செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள்.

பெரம்பலூரில் பெண்களுக்கு நடந்த பத்து நாள் சோப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்து ஒழுங்காகத்தான் போனாள். பால் சோப்பு சொல்லிக்கொடுத்த ஒன்பதாம் நாளன்று பார்த்து எங்கள் ஆடு குட்டி போட்டுத் தொலைத்தது. பத்தாம் நாள் சான்றிதழ் வாங்க மட்டும் போனவள், அங்கே மேசைமேல் மல்லிகைப் பூ நிறத்தில் அடுக்கியிருந்த பால் சோப்புகளைப் பார்த்துவிட்டு வந்து, "இதென்ன பெரிய வித்தையா, நம்மூட்லதான் மூணு ஆடு பால் கறக்குதே" என்று ஆரம்பித்துவிட்டாள்.

பாலைக் காய்ச்சாமல் எதற்கும் எடுக்காத ஊர் எங்கள் ஊர். அதனால் அம்மா பாலை நன்றாகக் காய்ச்சி, சுண்டவைத்து, சூடு ஆறுவதற்குள் அதில் காஸ்டிக் சோடாவைக் கொட்டினாள். கொட்டியதுமே அது தானாகக் கொதித்தது. வெள்ளைப் பால் முதலில் ஆரஞ்சாகி, கண்ணெதிரே பழுப்பாகி, அச்சில் ஊற்றி மறுநாள் எடுத்தபோது நல்ல பாகு வெல்லத்தின் நிறத்தில் வந்து நின்றது. போதாக்குறைக்கு, உறைவதற்காக அச்சைப் பழைய போர்வையால் வேறு போர்த்தி வைத்திருந்தாள். எதிர் வீட்டு ராசாத்தியக்கா ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்து, "ஏன்டி, இத போட்டுக் குளிக்கறதா, காப்பியில போட்டுக் குடிக்கறதா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து தெருவுக்கே அது "வெல்லக்கட்டி சோப்பு" ஆனது.

அம்மாவுக்குச் சோப்பு செய்தே ஆகவேண்டிய அவசியம் ஒன்று இருந்தது. அப்பா ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் ஒப்பந்த வேலையில் இருந்தார்; அந்தச் சம்பளம் போதவில்லை. எங்கள் தெருவுக்கு விடியற்காலையில் நூல் மில் வேன் ஒன்று வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கும். அம்மாவின் பெயரும் அதில் எழுதியாகிவிட்டது. "பங்குனி மாசம் வரைக்கும் பாக்கறேன். சோப்பு தேறலன்னா ஆட்ட வித்துட்டு வேன்ல ஏறிடுவேன்" என்று அவளே அப்பாவிடம் சொல்லியிருந்தாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் அம்மா இருக்கமாட்டாள். ஆனாலும் வீம்புக்காரி நான், வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மீன்சுருட்டியில் அப்பாவின் தங்கை செல்வி அத்தையின் மகள் வயதுக்கு வந்தாள். அப்பா தாய்மாமன், மூன்று மாதம் தள்ளி நாள் குறித்திருந்த மஞ்சள் நீராட்டுக்குச் சீர் அவர்தான் கொண்டுபோக வேண்டும். பட்டுப்புடவை, வளையல், பழம், பலகாரம் என்று தட்டுகளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று ஒரு தட்டு நிறையத் தன் கையால் செய்த மஞ்சள் சோப்பு வைக்கப்போவதாக அறிவித்தாள். செல்வி அத்தை போனிலேயே பதறினாள். "அண்ணி, உங்க வெல்லக்கட்டி சேதி இங்க வரைக்கும் வந்துடுச்சுங்க. நல்ல காரியத்துல கருப்பா எதையாச்சும் கொண்டாந்து சபையில மானத்த வாங்கிடாதீங்க!"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டு, "அம்பத்தொண்ணு வெக்கறேன், வந்து எண்ணிப் பாக்கட்டும்" என்றாள்.

முதலில் பால் ஏன் கருக்கிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். ஒருநாள் கலக்கும்போது தரையில் சிந்திய கலவை, குளிர்ந்த சிமெண்டுத் தரையில் வெள்ளையாகவே கிடந்தது. பாத்திரத்தில் இருந்தது மட்டும் பழுப்பாகிவிட்டது. "சூடுதான்டி நிறத்தத் திங்குது" என்று சொல்லிவிட்டு, அன்றோடு காய்ச்சுவதை நிறுத்தினாள். பச்சைப் பாலை வடிகட்டி, நெடுஞ்சாலை ஓரத்துக் குளிர்பானக் கடையின் ஐஸ் பெட்டியில் வைத்துக் கல்லாக உறையவிட்டு எடுத்து வருவோம். சிறுவாச்சூர்க் கோயில் நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் கூட்டத்துக்குக் கடைக்காரர் பெட்டியை நிரப்பிவிடுவார் என்பதால் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சோப்பு வேலை கிடையாது. ஐஸ் தண்ணீருக்குள் பாத்திரத்தை நிறுத்தி, உறைந்த பாலின்மேல் காஸ்டிக் சோடாவை ஒவ்வொரு கரண்டியாக, அவசரமே இல்லாமல் தூவுவாள். என்னைப் பக்கத்தில் விடமாட்டாள். அச்சைப் போர்த்துவதற்குப் பதிலாக, மீன்காரரிடம் வாங்கிய தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவே வைத்தாள். மறுநாள் வந்த சோப்பு மல்லிகைப் பூ இல்லைதான். ஆனால் தேங்காய்ப் பால் நிறம். ராசாத்தியக்கா தனக்கும் ஒன்று எடுத்து வைக்கச் சொன்னாள்.

அடுத்தது மஞ்சள். அரைத்த மஞ்சளைக் கலவையில் போட்டதும் அது ரத்தச் சிவப்பாகிவிட்டது. அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "சுண்ணாம்பும் மஞ்சளும் சேந்தா செவக்கும்னு தெரியாதவளா நானு? எத்தன பேருக்கு ஆரத்தி கரைச்சிருக்கேன்! புத்தி எங்க போச்சு?" கோபத்தில் அந்தச் சோப்புகளைத் தூக்கிப் பரண்மேல் எறிந்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து வேறெதற்கோ பரணில் ஏறியவள், "ஏய், இங்க வாடி!" என்று கத்தினாள். இருட்டில் கிடந்த சிவப்பெல்லாம் தணிந்து, சாமந்திப் பூ மஞ்சளாக மாறியிருந்தது. காஸ்டிக் சோடாவின் காரம் அடங்க அடங்க மஞ்சள் தன் நிறத்துக்குத் திரும்பிவிடும் என்று அன்று எங்களுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சமாகச் சேர்த்தாள். ஐம்பத்தொரு சோப்பும் தயாராகிப் பரணில், சாக்குக்கு அடியில், இருட்டில் அடங்கிக் கிடந்தன.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது திடீர் மழை ஒன்று பெய்தது. மறுநாள் அம்மாவும் அப்பாவும் சீர்ப்புடவை எடுக்கப் பெரம்பலூர் போயிருந்தார்கள். பரணில் ஏறி ஒரு சோப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஈரக்காற்றில் லேசாக வியர்த்துப் பிசுபிசுத்தது. மழைக்கு மறுநாள் வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. மிளகாயானாலும் மக்காச்சோளமானாலும் ஈரம் என்றால் மாடிக்குக் கொண்டுபோய்ப் பரப்புவதுதான் எங்கள் ஊர் வழக்கம். எனக்கும் வேறென்ன தோன்றும்? ஐம்பத்தொன்றையும் கூடையில் சுமந்துபோய், காய்ந்துகொண்டிருந்த மிளகாய்க்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினேன். அம்மா வந்து பார்த்து மெச்சிக்கொள்வாள் என்று நினைத்து, பெருமை பொங்கக் கீழே இறங்கி வந்தேன்.

சாயங்காலம் மாடியேறிய அம்மா நேராகச் சோப்பு வரிசைக்குப் போனாள். ஒரு சோப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தரையில் படிந்திருந்த பக்கம் மஞ்சள். வெயில் பட்ட பக்கமெல்லாம் வெளிறி, சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது. "சட்டையில மஞ்சக் கறை பட்டா நான் எங்கடி காயப் போடுவேன்?" என்று கேட்டாள்.

"வெயில்ல" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"கறைய எடுக்கற வெயிலு நிறத்த மட்டும் விட்டு வெச்சுடுமா?" என்றவள், அப்படியே படியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே ஏறிவந்த அப்பாவிடம், "வேன்காரருக்குச் சொல்லிடுங்க, திங்கக்கெழமையிலேருந்து வரேன்னு" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதபடியே அடுப்படிக்கு ஓடினேன். பீர்க்கங்காய்த் தோல் சீவுகிற சீவி கையில் கிடைத்தது. அதோடு மாடிக்கு ஓடிவந்து ஒரு சோப்பின் வெளிறிய பக்கத்தை இழுத்துச் சீவினேன். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. மூன்றாவது இழுப்பில் உள்ளே சாமந்தி மஞ்சள், அப்படியே, ஒரு குறையும் இல்லாமல்! "அம்மா! வெயிலு மேலதாம்மா தின்னுருக்கு, உள்ள போகவேயில்ல!" என்று நான் போட்ட கூச்சலில் கொட்டகையில் இருந்த ஆடுகள் மிரண்டன. அம்மா சோப்பை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கத்தியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரம்பலூர் அலைச்சல் தீரக் குளிக்கக் கிளம்பிய அப்பாவும் சேர்ந்துகொண்டார். சாப்பாட்டு நேரத்துக்குள் ஐம்பத்தொன்றையும் சீவி முடித்து, துணி சுற்றி, இருட்டுப் பெட்டியில் வைத்தோம்.

மீன்சுருட்டியில் மேளத்தோடு சீர்த்தட்டுகள் போய் இறங்கியதும், செல்வி அத்தை மற்ற எதையும் பார்க்காமல் சோப்புத் தட்டின் துணியைத்தான் முதலில் விலக்கினாள். ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நிறம் நல்லாத்தான் இருக்கு. ஏன் அண்ணி இப்படி எளைச்சுப் போயிருக்கு?" என்றாள்.

"உங்கண்ணன் மாதிரிதான் செல்வி. ஆளு எளைச்சாலும் நிறம் மாறல பாரு" என்றாள் அம்மா.

கூட்டம் சிரித்தது. அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு பந்தல் பக்கம் நழுவினார். அத்தை அந்தத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு, "எங்க அண்ணி கையால செஞ்சதுங்க, முகர்ந்து பாருங்க" என்று பெண்களிடையே ஒரு சுற்று வந்தாள். தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் வேண்டும் என்று அன்றே மூன்று பேர் அம்மாவிடம் சொல்லி வைத்தார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை வேன் வந்து தெருமுனையில் ஆரன் அடித்தது. நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது. "நான் வரலப்பா, நீ கெளம்பு" என்ற குரல் கேட்டது. அன்று பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் அவள் முதுகைக் கட்டிக்கொண்டேன். "என்னடி புதுசா?" என்று கேட்டாளே தவிர, விலக்கவில்லை.

இப்போது ஆடுகள் இல்லை; பாலை விலைக்கு வாங்குகிறோம். சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் குளிர்பானக் கடையும் போய்விட்டது. அம்மாவுக்குச் சொந்தமாகப் பெரிய ஐஸ் பெட்டி இருக்கிறது, இரண்டு பெண்கள் கூட வேலை செய்கிறார்கள், மாதக்கணக்கானாலும் அவள் சோப்பு நிறம் மாறுவதில்லை. ரகசியம் என்ன என்று கேட்பவர்களிடம் நான் ஒளிப்பதில்லை: பால் குளிர்ந்திருக்கட்டும், கை நிதானமாக இருக்கட்டும், சோப்பு இருட்டில் கிடக்கட்டும், வெயிலை மட்டும் காட்டாதீர்கள்.

நானோ அரியலூரில் ஆபீஸ் வேலைக்குப் போகிறேன். விடிந்ததும் பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. நாலரை மணிக்கு அம்மா போன் செய்து, "டீ குடிச்சியாடி?" என்று கேட்கிறாள். குடித்திருந்தாலும், "இன்னும் இல்லம்மா" என்றுதான் சொல்கிறேன்.