பஸ் ஓடாத நாளில் தூக்கிய பாரம்

இடஒதுக்கீட்டுப் போராட்ட சமயம். சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்தே வந்தேன். தொப்பை கரைந்திருக்கும் என்ற பூரிப்போடு உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தால், மச்சினன் ஏழுமலை! என்னோடு ஒரே நாளில் இங்கே சேர்ந்தவன்தான்; அவனுக்கு மட்டும் அதற்குள் இடுப்பு தென்பட்டது. வயிற்றெரிச்சலில், அவன் தூக்கியதைவிடக் கூடுதல் எடையைப் படுத்தபடி தூக்கினேன். கை துவண்டது. இரும்புத் தண்டு கழுத்தை நோக்கி இறங்கியது. ஏழுமலைதான் பாய்ந்து பிடித்தான்.

"இன்னா மாமா, அம்மாந்தூரம் நடந்துட்டு வந்து இதையும் தூக்கணுமா? வூட்ல அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

இப்போதெல்லாம் நடக்கும் நாளில் நடை மட்டும். தூக்கும் நாளில் என்னால் முடிந்த எடை, பக்கத்தில் ஏழுமலை. பொறாமைக்குத்தான் ஓய்வு நாளே கிடையாது.