மனசு விட்டுப் பேசச் சொன்னார்கள்

இறால் உரிக்கும் கம்பெனியில் அவளுக்கு நெட்டச்சி என்று பெயர். கூட்டத்தில் எங்கே நின்றாலும் தலை தெரியும். கணவன் போனபின் மகளை அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்தாள்; யார் வம்புக்கும் போனதில்லை.

மாதக் கூட்டத்தில் மேனேஜர், "நாமெல்லாம் ஒரே குடும்பம். மனசு விட்டுப் பேசுங்க" என்றார். கிழிந்த கையுறைக்குள் ஐஸ் தண்ணீர் புகுந்து எல்லார் விரலிலும் தோல் உரிந்திருந்தது. கூடவே வேலை செய்த ஓரகத்தி அவள் விலாவில் இடித்தாள். "நீ சொல்லுக்கா, நாங்கல்லாம் இருக்கோம்." நெட்டச்சி எழுந்து ஐஸ் தண்ணீர் படுத்தும் பாட்டைச் சொல்லி, புதுக் கையுறை கேட்டாள். மேனேஜர் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அவளைக் கழிவு அறைக்குத் தள்ளினார்கள். இறால் தலையும் ஓடும் அழுகிக் கூழாக வழியும் இடம். "ஐஸ் தண்ணி ஒத்துக்கலன்னு நீதானே சொன்னே? அங்க ஐஸே இல்ல" என்றார் மேனேஜர். அந்த நாற்றம் எந்த சோப்புக்கும் மசியவில்லை. சாப்பாட்டு அறையில் அவள் உட்கார்ந்ததும் பெஞ்சு காலியாகும். ஓரகத்தியும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தப்பா நெனக்காதேக்கா, குமட்டுது" என்று தட்டோடு நகர்ந்தாள்.

மகள் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். விசாரிக்க வந்த அதிகாரி மேனேஜரின் ஏசி அறையிலேயே உட்கார்ந்தார். மேனேஜர் அருகில் நின்று முந்திரித் தட்டை நகர்த்தி வைத்தார். ஒவ்வொருத்தியாகப் போய், குறையே இல்லை என்று ஒப்பித்துவிட்டு வந்தார்கள். நெட்டச்சியிடமும் மேனேஜர் காலையிலேயே சொல்லியிருந்தார்: "நீயும் அதையே சொன்னா மறுபடி உரிக்கிற மேசைக்கு வரலாம். இல்லன்னா வேற எடம் பாத்துக்க."

"பயப்படாம சொல்லும்மா" என்றார் அதிகாரி, மென்றுகொண்டே.

"இவர வெளிய போகச் சொல்லுங்க சார்."

"இருந்தா என்ன? நம்ம மனுஷர்தானே."

"உங்களுக்கு."

மேனேஜர் சிரித்தார். "நாத்தம் கொடலப் பொரட்டுது சார், அனுப்பிடுங்க."

"கையுறை கேட்டேன் சார். அதுக்குத்தான் இந்த நாத்தத்தக் குடுத்தாரு. எழுதுங்க. எழுதற வரைக்கும் போகமாட்டேன்." கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் துப்பினார். பிறகு பேனாவைத் திறந்தார்.

அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் சொன்னது அதிகாரியின் எழுத்தில் இருப்பதால் வழக்கு மட்டும் நடக்கிறது. போன வாரம் எல்லோருக்கும் புதுக் கையுறை வந்தது. அதற்கு மேனேஜருக்கு நன்றி சொல்லிக் கைதட்டினார்களாம்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா தட்டினாங்க?" என்றாள் மகள்.

"தட்டட்டும். நாளைக்கு வாய்தா, சீக்கிரம் படு" என்றாள் அவள்.