சிவகுருநாதன் விமானத்தைக் கிளப்பிய கதை

என் வீட்டுக்காரர் சிவகுருநாதனுக்கு ஒரு வேலையைத் தொட்டுவிட்டால் விடத் தெரியாது. விட்டால்தான் சோறு என்று சொல்லிப் பாருங்கள், சோற்றை விட்டுவிடுவார். தாராவியில் பை தைக்கிறவர்களுக்கு ஜிப்பும் பக்கிளும் விற்கிற கடை எங்களுடையது. கடைக்கு மேலேயே வீடு. அந்தத் துளியூண்டு வீட்டில் பாதியை மனிதர் விமானத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

நிஜ விமானம் இல்லை, கணினியில் ஓட்டுகிற விமானம். சிமுலேட்டர் என்பார். குர்லாவில் வாங்கிய பழைய கணினி, பெரிய திரை, மேஜையோடு திருகி வைத்த ஒரு பிடி. கடையை அடைத்ததும் அதன்முன் உட்கார்ந்துவிடுவார். ஊரிலுள்ள புருஷன்மார் சீட்டாடப் போகிறார்கள், இவர் சிங்கப்பூர் போகிறார் என்று நான் கேலி பேசாத நாள் கிடையாது.

என் வாயை அடைத்தவள் எங்கள் மகள் சந்திரலேகாதான். அவளுக்கு குவாஹாட்டியில் வங்கி வேலை. நிறைமாதம். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறார், நினைத்த நேரத்தில் இறங்கி வர முடியாது. டாக்டர் திடீரென்று தேதியை முன்னால் இழுத்து, வெள்ளிக்கிழமையே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். ரயிலில் இடம் இல்லை. வியாழக்கிழமை விமானத்துக்கு எனக்கு டிக்கெட் எடுத்தார் இவர்.

எனக்கோ விமானம் என்றாலே ஈரக்குலை நடுங்கும். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போக ஏர்போர்ட் வரை போய், சோதனை வரிசையில் நின்றவள், அப்படியே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தத் தடவையும் திரும்பினால் என் பிள்ளை அந்த ஊரில் ஒத்தையில் கிடப்பாள்.

"ஒனக்கு எதுக்கு பயம்னு எனக்குத் தெரியும்டி," என்றார் இவர். "திடீர்னு ஒரு சத்தம் கேக்கும், அது என்னன்னு தெரியாது. சத்தத்தப் பழகிட்டா பயம் போயிரும். வா, இப்படி ஒக்காரு."

அவர் ஓட்ட, நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பயணம் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஏற்றம். சக்கரம் மடங்கும்போது வயிற்றுக்குக் கீழே கடமுடா என்று ஒரு சத்தம் வரும், பயப்படக் கூடாது. திங்கட்கிழமை மேகத்துக்குள் ஆட்டம். இறங்குவது ஒன்றுதான் பாக்கி. எனக்குப் பெரிய பயமே அதுதான்.

செவ்வாய்க்கிழமை விமானம் ஓடுதளத்திலேயே விக்கி விக்கி நின்றது. போன மாதம் ஆசைப்பட்டு ஒரு பெரிய விமானத்தைத் தனியாக வாங்கி அதற்குள் சேர்த்திருந்தார். அந்தச் சுமைதான் கணினியை அமுக்குகிறது என்று கண்டுபிடித்தார். சரி, முறைப்படி நீக்க வேண்டாமா? அவசரக்குடுக்கை, அந்த ஃபோல்டரையே மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டார். அதன்பிறகு சிமுலேட்டர் கிளம்பவே இல்லை. எதையோ காணோம் என்று ஒரு கட்டத்தில் எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"காலி பண்ணிட்டுப் போனவன் பேரு இன்னும் உள்ள இருக்கு மாலதி. கிளம்பும்போது யார் யாரக் கூப்பிடணும்னு ஒரு ஃபைல் உண்டு. அது நான் தூக்கி எறிஞ்ச பிளேனக் கூப்பிடுது, இவன் இல்ல. அந்த வரிய எடுத்துட்டா போதும்," என்றார்.

எடுத்தார், சேமித்தார், கிளப்பினார். இப்போது இன்னும் மோசம். ஃபைலே கெட்டுப்போயிற்று என்றது. பழைய ஃபைலுக்கு நகல் எடுத்து வைத்திருந்தாரா என்றால், அதுவும் இல்லை.

கணினி விற்ற கௌசிக்குக்குப் போன் போட்டார். "அங்கிள், காலி பீலி, சும்மா மண்டைய ஒடைக்காதீங்க. எல்லாத்தயும் தூக்கிட்டுப் புதுசா போடுங்க," என்றான் அவன். எங்கள் இன்டர்நெட் லைனில் அவ்வளவையும் இறக்கி முடிப்பதற்குள் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

"இத நான் விடப் போறதில்ல," என்றார் இவர். புதன்கிழமை கடையைத் திறக்கவே இல்லை. வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். அடைப்புக்குறி திறந்த இடமெல்லாம் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். காபி ஆறிப் போயிற்று. நான் ஒன்றும் புரியாமல் கூடவே பார்த்துக்கொண்டிருந்தேன். மளமளவென்று ஆங்கிலமாக ஓடுகிற அந்தப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"என்னங்க, உச்சியில ஒரு 'உ' நிக்கே, அது என்னது?"

"பிள்ளையார் சுழிடி."

"கம்ப்யூட்டர்காரனா போட்டான்?"

"நாந்தான் போட்டேன். ஒரு ஃபைல மொதமொதல்ல தொடுதேன், சும்மா தொட முடியுமா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த மனிதர் சுழி போடாமல் பால்காரனுக்குச் சீட்டுகூட எழுத மாட்டார். ஜிப் வருகிற அட்டைப்பெட்டியில் போடுவார். பில் அடிக்கக் கணினியில் தமிழ் எழுத்து இருக்கிறது, கை அதுவாகப் போய்த் தட்டியிருக்கிறது.

"அதுதான் தடுக்குதோ என்னமோ," என்றேன்.

வந்ததே கோபம். "வாயக் கழுவுட்டி! பிள்ளையார் சுழியால ஒரு வேலை கெடுமா?"

மறுபடி எல்லா வரியையும் பார்த்தார். கணினியை அணைத்துப் போட்டார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். சாயங்காலம் ஆகிவிட்டது. அப்புறம் எழுந்து போய்க் கைகால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒங்களுக்கு மனசு வரலன்னா விடுங்க. நான் அழிக்கேன்."

"நீ தொடாத. போட்டவன் நான். வாரது என் தலைக்கு வரட்டும். புள்ள அங்க ஒத்தையில கெடக்கா."

அழிக்கிற பொத்தானுக்கு மேலே அவர் விரல் நடுங்கிய நடுக்கத்தை நான் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அப்பனே, கோவிச்சுக்கிடாத," என்று தட்டினார்.

சிமுலேட்டர் கிளம்பிவிட்டது. அந்த ஃபைலின் முதல் எழுத்தே இன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று கணினிக்குக் கண்டிப்பாம். இஞ்சின் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் இறங்கிப் பழகினோம். மனிதர் விமானத்தைத் தரையில் பொத்தென்று போட்ட போட்டில் நான் கத்திவிட்டேன்.

"நெஜ பைலட் இப்படிப் போட மாட்டான், பயப்படாத," என்றார் அசடு வழிய.

மறுநாள் அதே சோதனை வரிசையில் என் கால் நின்றுவிட்டது. படித்த சத்தமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்த நடுங்கிய விரல் ஒன்றுதான் கண்முன் நின்றது. இந்த மனிதர் அவ்வளவு பயந்தாரே, பயம் போகட்டும் என்று காத்திருந்தாரா? பெட்டியைத் தூக்கி, ஓடுகிற சோதனைப் பட்டையில் வைத்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சந்திரலேகா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "யம்மா, நெஜமாவே பிளேன்ல வந்தியா? பயம் போயிட்டா?"

"எங்கட்டி போச்சு. இறங்குத வரைக்கும் இருந்துச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் நாளைக்கு ஆபரேஷன நெனச்சா பயமா இருக்கும்மா."

"இருக்கட்டும்," என்றேன். "பயந்துக்கிட்டே போவோம். நான் வந்துட்டேம்லா."