இறக்கை இல்லை என்று நான் எழுதிய வண்டு

இலங்கை மலைநாட்டில், ஹேவாஹெட்டவில் ஒரு காப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பேச்சுத்துணை கிடையாது. ஓய்வு நேரத்தில் பூச்சிகளைப் பிடித்துக் குறிப்பெழுதுவேன்.

ஒருநாள் காப்பிப் பழத்தோல் குவியலில் அரிசி நீளமுள்ள இரண்டு வண்டுகள் கிடைத்தன. முதுகு ஓடு பாதி உடம்பைக்கூட மூடவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் புத்தகங்களில் அப்படியொன்று இல்லை. புதிய இனம்தான் என்ற துரை, சீமைக்கு அனுப்பும் பெட்டியில் என் விவரணையையும் வைப்பதாகச் சொன்னார். ஒன்றைக் கெடாமல் அனுப்பச் சாராயத்தில் இட்டேன்; மற்றதைப் புட்டியில் உயிரோடு வைத்துப் பார்த்து, "இறக்கை இல்லை" என்று எழுதினேன்.

தோல் அள்ளும் மாரியாயி புட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இது பறக்குமுங்க ஐயா. எம் மூஞ்சியிலயே வந்து விழுந்துச்சு."

"ஓடே அரை ஓடு. இறக்கைய எங்க வச்சிருக்கும், உன் கூடையிலயா?"

"நாங்க சேலைய மடிச்சுச் சொருகல? அப்புடி உள்ள வச்சிருக்கும்."

"போய் வேலையப் பாரு."

மறுநாள் காலை புட்டியைத் திறந்தேன். வண்டு வாலைத் தூக்கியது. அரை ஓட்டின் அடியிலிருந்து நீண்ட இறக்கைகள் விரிந்தன. ஜன்னல் வழியே பறந்துவிட்டது.

பெட்டியை ஆணியடித்து மூடுவதற்குள் ஓடிப்போய்த் திருத்தினேன். "மடித்துச் சொருகிய சேலைபோல் ஓட்டுக்குள் இறக்கைகள் உள்ளன. நானே கண்டேன்" என்று எழுதினேன். அவள் பெயரை எழுதவில்லை.

துரை பாராட்டினார். அதைச் சொல்ல எனக்கு யாருமில்லை. என் வண்டைப் பார்க்கத் தானாக வந்தவள் மாரியாயி ஒருத்திதான். அதன்பின் எத்தனையோ முறை புட்டியோடு அந்தக் குவியலருகே நின்றிருக்கிறேன். அவள் எட்டிப் பார்க்கவேயில்லை.