சத்தம் போடாத முடி

என் அண்ணி கண்ணால் பார்த்து எதையும் நம்பமாட்டார். விரலால் தொட்டால்தான் நம்புவார். எங்கள் முன்னறையில் ஒரே ஒரு நாற்காலி போட்டு பார்லர் நடத்துகிறார். ஒருவர் தலையை அலசும்போது ஷாம்பு முழுக்கப் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, கொஞ்சம் முடியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து இழுப்பார். கிறீச் என்று சத்தம் வர வேண்டும். வந்தால் துண்டு, வராவிட்டால் இன்னொரு குவளைத் தண்ணீர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உட்கார்ந்திருப்பவர் கத்தினாலும் காதில் விழாது.

நான் அவருடைய நாத்தனார். மாடியில் குடியிருக்கிறேன், சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிறேன். நாத்தனார் வாயில் அண்ணியைப் பற்றி நல்லது வராது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நினைப்பதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு பெரிய பார்லரில். தரையில் விழும் முடியைக் கூட்டி அள்ளுகிற வேலை. ஒருநாள் தலை அலசும் பெண் வராமல் போக, "நீ கொஞ்சம் தண்ணி ஊத்து" என்றார்களாம். அன்று இவர் கையில் தலையைக் கொடுத்த அம்மாள் நாற்காலியிலேயே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டாராம். அதோடு துடைப்பம் வேறு ஆளிடம் போனது. கத்தரி பிடிக்கவும் சாயம் கலக்கவும் அங்கேயே கற்றுக்கொண்டார். பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டார், எங்கள் முன்னறையையும் பிடித்துக்கொண்டார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு வந்து, தான் மட்டும் மாடிப்படி ஏற மூச்சு வாங்குவார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, தண்ணீர் ஒன்றைத் தவிர. எங்கள் போர்வெல் தண்ணீர் வற்றவே வற்றாது, ஆனால் படு உப்பு. குழாய் வாயெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். கண்ணாடியில் புள்ளி, பேசினில் வளையம். துவைத்துக் காயப்போட்ட துண்டை எடுத்தால் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். ஹீட்டர் கம்பியில் அப்பிய சுண்ணாம்பை அண்ணன் சுத்தியால் தட்டி உதிர்ப்பார். ஷவர் ஓட்டைகளை ஊசியால் குத்தி அடைப்பு எடுப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் என் தலையில் விழும். அண்ணி மட்டும் எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டார். முடி நாராக இருக்கிறது என்று யாராவது முனகினால், கூட ஒரு மூடி ஷாம்பு, கூட இரண்டு குவளைத் தண்ணீர். அவ்வளவுதான் அவர் வைத்தியம்.

டீச்சரின் முடி முளைக்கும்வரை அப்படித்தான் இருந்தது.

டீச்சர் எதிர்த் தெருவில் இருக்கிறார், பள்ளியில் கணக்கு எடுப்பவர். அண்ணி நாற்காலி போட்ட முதல் நாளே வந்து உட்கார்ந்தவர். இடுப்பைத் தொடும் முடி. போன வருஷம் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை தொடங்கியதும் காலையில் தலையணையில் கொத்துக் கொத்தாக முடி கிடக்கப் பார்த்துச் சகிக்காமல், ஒருநாள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "மொத்தமா எடுத்துடு" என்றார். அண்ணி எடுத்தார். கை நடுங்கவில்லை. டீச்சரும் அழவில்லை. கண்ணாடியைப் பார்த்து, "இவ்வளவு சின்னத் தலையா? இதுக்குள்ளயா அத்தனை கணக்கையும் வெச்சிருந்தேன்?" என்று சிரித்தார்.

வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "மறுபடி வளர்ந்தா முதல் தண்ணி நீதான் ஊத்தணும். வேற யாரையும் தொட விடமாட்டேன்" என்றார்.

"நான்தான் டீச்சர், வேற யாரு?" என்றார் அண்ணி.

டீச்சர் தெருமுனை தாண்டியதும் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணி அழுதது மாடிப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. நான் இறங்கிப் போகவில்லை. சில அழுகைக்கு ஆள் வேண்டாம்.

மாதங்கள் போயின. சிகிச்சை முடிந்தது. ஒருநாள் டீச்சர் தலையில் ஸ்கார்ஃபோடு வந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அதைத் தூக்கிக் காட்டினார். நரைத்த, மெல்லிய முடி, மண்டையெங்கும் முளைவிட்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பதமா அலசிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த மாசம் வரேன்" என்றார். அண்ணி தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலம் அவர் பேசின் முன்னால் போய் நின்றவர் நகரவில்லை. அதில் படிந்த வெள்ளை வளையத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இந்தத் தண்ணியையா ஊத்துறது?" என்றார்.

"இதுக்கு ஏன் கவலை? ரெண்டு கேன் நல்ல தண்ணி வாங்கி ஊத்துங்க அண்ணி, வேலை முடிஞ்சுது" என்றேன்.

என்னை அவர் முறைத்த முறைப்பு இருக்கிறதே! "கேன் தண்ணி ஒரு தடவைக்குத்தான். டீச்சர் ஒரு தடவை வந்துட்டுப் போறவங்களா? வாராவாரம் வருவாங்க. தோள் வரைக்கும் வளரும், இடுப்பு வரைக்கும் வளரும். அத்தனைக்கும் நீ கேன் தூக்கிட்டு வருவியா?"

  டீச்சர் தேறுவாரா மாட்டாரா என்று தெருவே குசுகுசுத்துக்கொண்டிருந்த நேரம் அது. இந்த மனுஷி அதற்குள் இடுப்புவரை வளர்த்துவிட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு நம்பி வைத்து, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இவரை யார் தேற்றுவது? நான்தானே?

ஆனால் அண்ணி பிடித்த முயலுக்கு மூன்றே கால். புது நாற்காலிக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து, தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரிக்கும் வாட்டர் சாஃப்ட்னர் மெஷின் வாங்கிவிட்டார். பழைய நாற்காலியின் பிய்ந்த கைப்பிடிக்கு அண்ணன் டேப் சுற்றினார்.

மெஷின் வந்துவிட்டது, மாட்ட ஆள் வர வேண்டுமே. எங்கள் தெரு பிளம்பருக்கு 'நாளைக்கு' என்று பட்டப்பெயர். எப்போது கூப்பிட்டாலும் அவர் சொல்வது அதைத்தான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அவருடைய நாளைக்குகள் ஒவ்வொன்றாகக் கழிந்து, டீச்சர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமையே வந்துவிட்டது. அன்று காலையில் நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். கையோடு அழைத்து வந்தேன். தியேட்டரில் கூட்டத்தை வரிசையில் நிறுத்துகிறவளுக்கு ஒரு பிளம்பர் எம்மாத்திரம்?

வேலையில் இறங்கிவிட்டால் மனிதர் நன்றாகத்தான் செய்கிறார். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயைப் பின்சுவரில் அறுத்தார். ஆளுயர உருளையை நிமிர்த்தி வைத்து, தண்ணீர் உள்ளே போக ஒரு குழாய், வெளியே வர ஒரு குழாய், கழிவுக்கு ஒன்று என்று இணைத்தார். பக்கத்தில் உப்புப் போடும் தொட்டியை வைத்தார். அண்ணன் லீவு போட்டுவிட்டு, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காத யோசனையெல்லாம் சொன்னார்.

"உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்க உப்பே போடணுமா? இது என்ன, முள்ளை முள்ளால எடுக்கற கதையா?" என்று கேட்டேன்.

"உள்ள குட்டிக் குட்டியா மணிங்க இருக்குக்கா. தண்ணியில இருக்கற சுண்ணாம்பை அது பிடிச்சு வெச்சுக்கும். பிடிச்சுப் பிடிச்சு நிறைஞ்சதும், இந்த உப்புக் கரைசல் அதைக் கழுவிச் சாக்கடைக்கு அனுப்பிடும். ஒழுங்கா உப்பு போட்டீங்கன்னா பதினஞ்சு வருஷம் உழைக்கும்" என்றார் பிளம்பர்.

கடைசியில் ஒரு வித்தை காட்டினார். இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்தார், ஒன்றில் பழைய தண்ணீர், இன்னொன்றில் புதுசு. இரண்டிலும் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டுக் குலுக்கினார். பழைய தண்ணீர் திரிந்துபோனது போலக் கலங்கி, மேலே நாலு குமிழியோடு நின்றது. புதுத் தண்ணீரில் பாட்டிலின் கழுத்துவரை நுரை. அண்ணன் கை தட்டினார். "ஒரு சொட்டுக்கே இவ்வளவா!" என்று நானும் வாயைப் பிளந்தேன். பாட்டில்களை ஜன்னலில் வைத்துவிட்டுப் பிளம்பர் கிளம்பவும், டீச்சர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. அண்ணன் ஸ்பேனரோடு பின்பக்கம் நழுவினார்.

அண்ணிக்குப் புதுத் தண்ணீரைத் தொட்டுப் பழகக்கூட நேரமில்லை. டீச்சரை உட்கார வைத்து, ஸ்கார்ஃபை அவிழ்த்து, தலையைப் பேசினில் சாய்த்தார். இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கும் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமாக எடுப்பதில் பாதிதான் ஷாம்பு எடுத்தார் அண்ணி. அதற்கே நுரை பொங்கி டீச்சர் காதையெல்லாம் மூடிவிட்டது. மூவரும் சிரித்தோம்.

பிறகு அலசினார். ஒரு குவளை, இரண்டு குவளை. முடியை விரலுக்கு நடுவே பிடித்து இழுத்தார். சத்தம் இல்லை. விரல் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் ஊற்றினார். வழுக்கியது. மறுபடி ஊற்றினார். மறுபடியும் வழுக்கியது. குழாயைத் திறந்துவிட்டு, தலை முழுக்க விரலை ஓட்டி ஓட்டி அலசினார்.

"என்னம்மா, இருக்கறதையும் கரைச்சுடலாம்னு பார்க்கறியா?" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல்.

அண்ணி சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியே இழுத்து, "சோப்பு போக மாட்டேங்குது. இல்ல, அந்த உப்புதான் தண்ணியில இறங்குதோ என்னவோ. பிஞ்சுத் தலை அது. நான் கெடுத்துட்டேன். என்னை நம்பி வந்தாங்களே" என்றார்.  

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பிளம்பரைப் போனில் பிடித்து, "யோவ், என்னத்தை மாட்டிவெச்சே? எத்தனை அலசினாலும் சோப்பு போகல!" என்று கத்தினேன்.

"நாளைக்கு வந்து பார்க்கறேன்க்கா" என்றார்.

போனை வைத்துவிட்டு அந்த மெஷினை எட்டி உதைக்கலாமா என்று திரும்பியபோதுதான் ஜன்னலில் இருந்த பாட்டில் கண்ணில் பட்டது. ஒரு சொட்டுக்கே கழுத்துவரை நுரைத்த தண்ணீர் இது. டீச்சர் தலையில் சோப்பு மிச்சம் இருந்தால், தலையிலிருந்து வடியும் தண்ணீரும் நுரைக்கத்தானே வேண்டும்? பாட்டிலை எடுத்து நன்றாகக் கழுவினேன். டீச்சர் தலைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "ஊத்துங்க அண்ணி" என்றேன். ஊற்றினார். வடிந்ததைப் பிடித்து, மூடிபோட்டு, என் ஆத்திரத்தையெல்லாம் காட்டிக் குலுக்கினேன்.

ஒரு குமிழி இல்லை. வெறும் தண்ணீர்.

"அதுலயே ஒரு சொட்டு ஷாம்பு விட்டுக் காட்டு. அப்பதான் கணக்கு முழுசாகும்" என்றார் டீச்சர். அவர் எப்போது கண்ணைத் திறந்தார் என்று தெரியவில்லை. விட்டுக் குலுக்கினேன். நுரை கழுத்துவரை ஏறியது.

அண்ணி பாட்டிலைப் பார்த்தார். கண்ணால் பார்த்து நம்பாதவர் ஆயிற்றே. மறுபடி டீச்சர் தலையில் விரலை வைத்தார். "அப்ப இந்த வழுவழுப்பு?"

"அது என் முடி" என்றார் டீச்சர். "சோப்பு இல்ல, உப்பு இல்ல. வெறும் முடி."

"அப்ப இத்தனை வருஷம் கிறீச்சுன்னு சத்தம் போட்டது?"

நான் பேசினின் வெள்ளை வளையத்தைக் காட்டினேன். அண்ணி அதையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "ஊர்த் தலைக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சு அனுப்பியிருக்கேன்டி!" என்று சிரித்தார். சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது. இந்த முறை கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. டீச்சர் ஈரத் தலையோடு எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது. உப்புத் தண்ணீர்தான், அதற்கு மெஷின் கிடையாது.

துண்டால் ஒற்றி முடித்ததும் டீச்சர் கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இந்த மெஷின் எத்தனை வருஷம் உழைக்குமாம்?"

"ஒழுங்கா உப்பு போட்டா பதினஞ்சு வருஷம்னு சொன்னாரு" என்றேன்.

"எழுபத்தொண்ணு" என்றார். பதினைந்து வருஷம் கழித்துத் தனக்கு ஆகப்போகும் வயதைச் சொல்கிறார் என்று எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. நோய் வந்த நாளிலிருந்து அவர் அடுத்த மாதத்தைத் தாண்டி எதையும் கணக்குப் போட்டு நான் கேட்டதில்லை.

"அதுக்குள்ள இடுப்பைத் தாண்டிடும். அவ்வளவு முடியை அலசறதுன்னா கூலி கூடக் கேட்பேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அதை அப்போ பேசிக்கலாம்" என்றார் டீச்சர்.

பேசிக்கொண்டே வாசலில் இறங்கிப் போய்விட்டார். போன பிறகுதான் பார்த்தேன், ஸ்கார்ஃப் நாற்காலியின் டேப் சுற்றிய கைப்பிடியில் தொங்கியது. வெறும் தலையோடு தெருவில் போய்க்கொண்டிருக்கிறார். எடுத்துக்கொண்டு ஓடப் போன என்னை அண்ணி கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருக்கட்டும் விடு. அடுத்த சனிக்கிழமை வருவாங்கல்ல, அப்ப கொடுத்துக்கலாம்."